கண்ணில் புழு: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நன்னிலத்து மருமகள்:
என் மாமியாருக்கு வந்தது. சம்பா நடவு முடிந்த சமயம், இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் சொன்னதால் சொட்டு மருந்து விட்டோம். ஒரு மதியம், "உள்ளே என்னவோ நெளிகிறது, பாரம்மா" என்றார். வாசலுக்கு அழைத்துப் போய் இமையை விலக்கினேன். கண்ணின் வெள்ளைக்குள் நூல் மாதிரி ஒன்று வளைந்து கிடந்தது. வெளிச்சம் பட்டதும் மூக்குப் பக்கமாக நகர்ந்து மறைந்துகொண்டது. தஞ்சாவூரில் கண்ணை மரத்துப்போகச் செய்து, மேல்தோலைச் சிறிதாகக் கீறி, இடுக்கியால் இழுத்தார்கள். அரைச் சாண் நீளம். உப்புநீரில் போட்ட பிறகும் சுருண்டு விரிந்துகொண்டிருந்தது. நாயிடமிருந்து கொசு கொண்டுவந்தது என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

கும்பகோணத்தான்:
சகோதரி, நாயாவது ஒன்றாவது. அது யானைக்கால் புழு. எங்கள் ஊர்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சிறுவயதில் சுகாதார ஊழியர்கள் இரவில் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வருவார்கள். தூங்கும் என் கையைப் பாட்டி இழுத்து நீட்டுவார், விரலில் சுருக்கென்று குத்துவார்கள். யானைக்காலுக்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையைக் குடும்பத்தோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவன், நாகப்பட்டினம்:
கும்பகோணத்து ஐயா, மாத்திரையை நீங்களாகவே எழுதிக் கொடுக்காதீர்கள். யானைக்கால் புழு குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில். அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலாவும், அதனால்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தார்கள். கண்ணுக்கு அது வருவது மிக அபூர்வம். இந்த அம்மாவுக்கு வந்தது டைரோஃபைலேரியா ரிபென்ஸ் ஆகத்தான் இருக்கும். நாயின் தோலுக்கடியில் வாழ்வது. கேரளத்தில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மனித உடலில் அது பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்வதில்லை. ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காது, புழுவை எடுத்துவிட்டால் பொதுவாக வேலை முடிந்தது. வீட்டில் நாய் இல்லாவிட்டால் என்ன அம்மா, கொசுவுக்குத் தெருநாய் போதாதா?

டி.இ.சி. என்றதும் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்றால், கேமரூனில் மரம் அறுக்கும் கம்பெனியில் இருந்து திரும்பிய திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். அவருடையது லோவா லோவா என்ற கண்புழு, ஆப்பிரிக்கக் காடுகளில் பகலில் கடிக்கும் ஈ பரப்புவது. அதன் குஞ்சுகள் நண்பகலில்தான் ரத்தத்துக்கு வரும். உச்சிவேளையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு துள்ளின. அவ்வளவு குஞ்சுகள் உள்ள உடம்பில் டி.இ.சி. போனால் மூளையே பாதிக்கப்படலாம். எந்தப் புழு என்று தெரியாமல் மாத்திரையைத் தொடக் கூடாது.

மன்னார்குடி அப்பா:
எங்கள் பையனுக்குக் கொசுவும் இல்லை, நாயும் இல்லை, குளம்தான். வெள்ளை விழியில் சின்னக் கட்டி. டாக்டர் முதலில் கேட்டதே, "எந்தக் குளத்தில் குதிக்கிறாய்?" என்பதுதான். பையன் என் முகத்தைப் பார்த்தான். குளத்துக்குப் போவது எனக்குத் தெரியாது.

நத்தைக்குள் வளரும் தட்டைப்புழுவின் குஞ்சு தண்ணீரில் நீந்தி வந்து கண்ணில் ஏறுமாம். தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு இப்படிக் கட்டிகள் வந்ததை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2001இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெற்றோர்களே, மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று பிள்ளைகளை அவிழ்த்துவிடாதீர்கள். படித்துறையில் நத்தை அப்பியிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பம்புசெட்டில் குளிக்கட்டும். கண் சிவந்து ஒரு வாரத்தில் அடங்கவில்லை என்றால் கண் டாக்டரிடம்தான் போக வேண்டும், மருந்துக் கடைக்கு அல்ல. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள்.

கும்பகோணத்தான்:
நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றிக்கொள்வது வேறு, சாறு பிழிவது வேறு. அது கிடக்கட்டும். எந்தக் குளம் என்று சொல்லுங்களேன், என் பேரப்பிள்ளைகள் மன்னார்குடியில்தான் இருக்கிறார்கள்.