ஹீட்டர் இல்லாத பசுமைக்குடிலில் ஃபியூஷியா தொட்டிகள்: போன குளிரில் ஏழு போய்விட்டன, உதவுங்கள்

தொட்டிச்செடி:
வணக்கம். என்னிடம் சின்னப் பசுமைக்குடில் ஒன்று இருக்கிறது. கண்ணாடிச் சுவர், சிமெண்ட் தரை, மின் இணைப்பு கிடையாது. போன குளிர்காலத்தில் பதினொரு ஃபியூஷியா (மணிபோல் தொங்கும் பூக்கள் விடும் செடி) தொட்டிகளை உள்ளே வைத்தேன், வசந்தத்தில் துளிர்த்தவை நான்குதான். மற்றதைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டதும் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. இத்தனைக்கும் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன், இலை கொட்ட ஆரம்பித்ததும் பயந்துபோய் இன்னும் கூடவே ஊற்றினேன்.

இங்கே இரவில் மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரி வரை இறங்கும். இப்போது இருக்கும் ஃபியூஷியா ரகங்கள்: மிஸஸ் பாப்பிள் இரண்டு, ஸ்விங்டைம் ஒன்று, தொங்கும் தொட்டியில் மரின்கா இரண்டு, தாலியா ஒன்று. அப்புறம், ஒற்றைத் தண்டில் மரம்போல் வளர்த்த ஒன்று, பெயர் தெரியாது, என் அம்மா குச்சியிலிருந்து வளர்த்தது. இதை மட்டும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

வேர்க்கால்:
உங்கள் செடிகளைக் குளிர் மட்டும் கொல்லவில்லை, ஈரமும் சேர்ந்துதான் கொன்றிருக்கிறது. குளிரில் இலை கொட்டுவது ஃபியூஷியாவுக்கு இயல்பு, அது சாவு இல்லை, தூக்கம். இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது, நீங்கள் ஊற்றியது அப்படியே மண்ணில் நின்றிருக்கும், வேர் மூச்சுத் திணறி அழுக ஆரம்பித்த நேரத்தில் ஈரம் உறைந்து மிச்சத்தையும் முடித்திருக்கும்.

இன்னொன்று, ஹீட்டர் இல்லாத கண்ணாடிக் குடில் மழையையும் காற்றையும் தடுக்கும், உறைபனியைத் தடுக்காது. மேகமில்லாத இரவில் பகல் சூடு முழுக்கக் கண்ணாடி வழியாகப் போய்விடும், விடியும்போது வெளியே இருப்பதைவிட ஓரிரண்டு டிகிரிதான் கூடுதலாக இருக்கும். தரையில் நட்ட செடிக்குச் சுற்றிலும் மண் போர்வையாக இருக்கிறது. தொட்டிச் செடியின் வேருக்கும் குளிருக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல்கடைப் பிளாஸ்டிக்கோ மண் ஓடோதான். அதனால் கிளையைவிட வேரைக் காப்பதில்தான் கவனம் வேண்டும்.

தொட்டிகளைத் தரையிலிருந்து எடுத்துத் தடிமனான தெர்மாகோல் மேல் வையுங்கள். சிமெண்ட் தரை ஐஸ் மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கி வைத்து, மொத்தமாகச் சுற்றிப் பபிள் ராப் கட்டுங்கள், இடைவெளிகளில் வைக்கோலோ காய்ந்த சருகோ திணியுங்கள். கடுங்குளிர் இரவில் மேலே தோட்ட ஃப்ளீஸ் துணி (செடியைப் பனியிலிருந்து காக்கப் போர்த்தும் மெல்லிய துணி) இரண்டு மடிப்பு, காலையில் எடுத்துவிட வேண்டும். தண்ணீர்: தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், மிக லேசாக இருந்தால் மட்டும், உறைபனி இல்லாத நாளின் காலையில் கொஞ்சம். முற்றிலும் காய்ந்து தூளாகவும் விடக்கூடாது, அதிலும் செத்துவிடும்.

பழைய மண்வெட்டி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லாச் செடியையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள், உங்களிடம் இருப்பவை மூன்று வகை.

மிஸஸ் பாப்பிள் குளிர் தாங்கும் வகை. மேல்கிளை கருகினாலும் அடியிலிருந்து வரும். வசந்தத்தில் அதைத் தரையில் நட்டுவிடுங்கள், தொட்டியில் இருந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் ஆழமாக, அடிமொட்டுகள் மண்ணுக்குள் பாதுகாப்பாக இருக்கும்.

தாலியா ட்ரிஃபில்லா வகையைச் சேர்ந்தது. அதன் மூதாதை கரீபியத் தீவு ஹிஸ்பானியோலாவின் செடி, உறைபனி அதற்குப் பழக்கமே இல்லை. அதைக் குடிலில் வைத்துப் பரிசோதிக்க வேண்டாம், வீட்டுக்குள் வெளிச்சமான, சூடு அதிகமில்லாத அறைக்குக் கொண்டு போங்கள்.

ஸ்விங்டைம், மரின்கா இரண்டுக்கும் 2 முதல் 5 டிகிரி இருந்தால் போதும், ஆனால் உறையக் கூடாது. தொங்கும் தொட்டிகளைக் கட்டாயம் கீழே இறக்குங்கள். அந்தரத்தில் தொங்கினால் எல்லாப் பக்கமும் குளிர் தாக்கும்.

அம்மாவின் செடி: ஒற்றைத் தண்டுச் செடியில் தண்டு போனால் எல்லாம் போச்சு. அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்தாலும் அந்த மர வடிவம் திரும்ப வருடங்கள் ஆகும். என்னிடம் கேட்டால் அதைக் குடிலில் வைக்கவே மாட்டேன்.

தொட்டிச்செடி:
மிக்க நன்றி இருவருக்கும். வீட்டை ஒட்டி ஜன்னல் இல்லாத இருட்டுக் கிடங்கு அறை இருக்கிறது, அங்கே உறைவதில்லை. அம்மாவின் செடியை அங்கே வைக்கலாமா? இப்போதே கிளைகளை ஒட்ட வெட்டிவிடட்டுமா? மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்று கிடைக்கும், குடிலில் ஏற்றலாமா?

பழைய மண்வெட்டி:
தாராளமாக வைக்கலாம், இலை கொட்டித் தூங்கும் செடிக்கு வெளிச்சம் தேவையில்லை. 4 முதல் 7 டிகிரிக்குள் நின்றால் மிக நல்லது. அதற்கு மேல் போனால் இருட்டிலேயே வெளிறிய துளிர் விட்டுப் பலத்தை வீணாக்கும். உள்ளே கொண்டுபோகும் முன் மிச்ச இலை, பூ, காய் எல்லாம் கிள்ளிவிடுங்கள்.

இப்போது ஒட்ட வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். கிளை நுனிகள் குளிரில் காயும், இப்போதே ஒட்ட வெட்டினால் காய்வதற்கு மிச்சமே இருக்காது. வெட்டிய துண்டுகளில் இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளை எடுத்து நான்கைந்து கட்டிங் போடுங்கள், ஜன்னலோரம் போதும். கோடை முடிவில் போட்டிருந்தால் எளிதாக வேர் பிடித்திருக்கும், இப்போதும் முயற்சி செய்யலாம். அம்மாவின் செடிக்கு அதுதான் காப்பீடு.

வேர்க்கால்:
மண்ணெண்ணெய் ஹீட்டர் பற்றி: ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். மூடிய குடிலில் அது கண்ணாடியில் வியர்த்துச் செடிமேல் சொட்டும், சாம்பல் பூஞ்சைக்கு விருந்து. மிக மோசமான ஓரிரு இரவுக்கு மட்டும், சிறு திறப்பு விட்டு ஏற்றுங்கள். வெயில் அடிக்கும் பகலில் கதவைத் திறக்க மறக்காதீர்கள், கண்ணாடிக்குள் சூடு ஏறினால் செடி குளிர் முடியும் முன்னே விழித்துவிடும்.

தொட்டிச்செடி:
இன்று எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். ஸ்விங்டைம் தொட்டி லேசாக ஆடியது, உருவிப் பார்த்தால் சி வடிவில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள், தலை பழுப்பு, பதினைந்துக்கும் மேல். மெல்லிய வேர் பாதி இல்லை.

வேர்க்கால்:
வைன் வீவில் வண்டின் புழு, கால் இல்லாமல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். போன வருடச் சாவிலும் இதற்குப் பங்கு இருந்திருக்கலாம். மண் முழுவதையும் உதறி, வேரை வெதுவெதுப்பான நீரில் அலசி, புதுக் கலவையில் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். நூற்புழு மருந்து (இந்தப் புழுக்களைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள், தண்ணீரில் கலந்து ஊற்றுவது) கிடைக்கும், ஆனால் மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வேலை செய்யும், அடுத்த கோடை முடிவில் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றுங்கள். மற்றவற்றையும் இன்றே உருவிப் பாருங்கள்.

தொட்டிச்செடி (குளிர் முடிந்தபின்):
குடிலுக்குள் வைத்த வெப்பமானி காட்டிய மிகக் குறைந்த அளவு மைனஸ் 4. ஒரு மரின்கா போய்விட்டது, ஓரத்தில் பபிள் ராப் விலகியிருந்த தொட்டி அது. மிஸஸ் பாப்பிள் இரண்டும் அடியிலிருந்து வருகின்றன. ஸ்விங்டைமில் துளிரே இல்லை. அம்மாவின் செடியை நகத்தால் கீறினேன், தண்டு முழுக்க உள்ளே பச்சை, தலைப்பகுதியில் அரிசி அளவுக்குச் சிவந்த மொட்டுகள். கட்டிங் ஐந்தில் இரண்டு பிடித்திருக்கின்றன. ஸ்விங்டைமைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பழைய மண்வெட்டி:
வேண்டாம், வேர் பாதி போன செடி தாமதமாகத்தான் எழும். கோடைத் தொடக்கம் வரை பொறுங்கள், அடித்தண்டைக் கீறிப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அம்மாவின் செடியை வெளிச்சத்துக்கு எடுத்து, மொட்டுகள் நன்றாகத் தெரிந்தபின் தலையை மட்டும் வெட்டிச் சீராக்குங்கள், உரம் துளிர் விரிந்தபிறகு. கடைசி உறைபனி போகும்வரை இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.