தாழ் வெப்பநிலையில் நொதியத் தாக்கத்தின் இடைநிலைகளைப் பிடித்து வைப்பது எப்படி?

வெள்ளவத்தை மாணவி கேட்டது:

வணக்கம். நான் கொழும்பில் உயிரிரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்கிறேன். நொதியமும் கீழ்ப்படையும் (நொதியம் மாற்றுகின்ற பொருள்) சேர்ந்து விளைவைத் தருவதற்குள் தோன்றி மறைகின்ற இடைநிலைப் பொருள்களை, கரைசலைப் பூச்சியத்துக்கு மிகவும் கீழே குளிர்வித்து ஆராய்வார்கள் என்று விரிவுரையில் கூறினார்கள். இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. குளிர்வித்தால் எல்லாப் படிகளும்தானே மெதுவாகும்? இடைநிலை மறைவது தாமதமாகும்போது அது தோன்றுவதும் தாமதமாகுமே, பிறகு அது எவ்வாறு சேர்ந்து நிற்கும்? அடுத்தது, மெதனோல் போன்ற கரைப்பானில் −50 பாகை செல்சியஸில் காணப்படும் ஒன்று, உடல் வெப்பநிலையில் உண்மையாகத் தோன்றும் அதே பொருள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவரின் பதில்:

மகள், முதற் கேள்விக்கான விடை, தாக்க வீதம் வெப்பநிலையுடன் மாறுவதைக் கூறும் ஆரேனியஸ் சமன்பாட்டிலேயே இருக்கிறது. ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நிகழத் தாண்ட வேண்டிய சக்தித் தடை, மோலுக்கு 50 கிலோயூல் உள்ள ஒரு படியை எடுத்துக்கொள்ளுங்கள். 25 பாகையிலிருந்து −50 பாகைக்கு இறக்கினால் அது ஏறத்தாழ 900 மடங்கு மெதுவாகும். −100 பாகைக்கு இறக்கினால் இருபது இலட்சம் மடங்குக்கு மேல் மெதுவாகும். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிசெக்கனில் முடிகின்ற படி, −100 பாகையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சாதாரண நிறமாலைமானியில் ஆறுதலாக அளப்பதற்கு இந்த நேரம் போதும். ஆனால் இந்த முறையின் உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஏவற்சக்தி வேறு என்பதால் எல்லாப் படிகளும் ஒரே அளவில் மெதுவாவதில்லை. இடைநிலை தோன்றும் படிக்கு 40 கிலோயூலும் அது சிதையும் படிக்கு 60 கிலோயூலும் தேவை என்று வைத்துக் கணக்கிட்டால், −50 பாகையில் முதற்படி சுமார் 230 மடங்கும் இரண்டாவது படி சுமார் 3,400 மடங்கும் மெதுவாகின்றன. இரு வீதங்களுக்கும் இடையிலான விகிதம் 15 மடங்கு மாறிவிடுவதால், முன்னர் கண்ணில் படாமலே கடந்து போன பொருள் இப்போது சேர்ந்து நிற்கிறது. ஏவற்சக்திகள் மறுதலையாக அமைந்த நொதியத்தில் குளிர்வித்தல் உதவாது, இடைநிலை முன்னிலும் அரிதாகும். ஆகையால் இந்த முறையை எல்லா நொதியங்களுக்கும் பொதுவான ஒன்றாக எவரும் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நீர் உறைந்துவிடாமல் இருப்பதற்காக மெதனோல், எதிலீன் கிளைக்கோல், டைமெதில் சல்பொக்சைட் போன்றவற்றைப் பெருமளவு கலக்கிறார்கள். பிரான்ஸில் பியேர் டூசூவும் அமெரிக்காவில் அன்தனி ஃபிங்கும் இவ்வகைக் கலவைகளில் நொதியங்கள் தாக்குப்பிடிக்கும் நிபந்தனைகளைப் பொறுமையாக வகுத்தார்கள். 1976 இல் டொம் அல்பர், கிரகரி பெட்ஸ்கோ, டிமீட்ரியஸ் செர்னோகுளூ ஆகியோர் எலாஸ்டேசு என்ற நொதியத்தின் பளிங்கை 70 வீத மெதனோலில் −55 பாகைக்குக் குளிர்வித்து, கீழ்ப்படை பிணைந்த நிலையின் கட்டமைப்பை எக்ஸ் கதிரால் கண்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் இத்துறையின் உயிர்நாடி. கரைப்பான் சேர்ப்பதால் மட்டும் என்ன மாற்றம் நேர்கிறது என்பதை முதலில் 25 அல்லது 0 பாகையில் அளக்க வேண்டும். அதன் பின்னரே வெப்பநிலையைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. பின்னர், பிடித்து வைத்த பொருளைப் படிப்படியாகச் சூடாக்கி, அது எதிர்பார்த்த விளைவாக, எதிர்பார்த்த அளவில் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு மாறாத பொருள் பாதையை விட்டு விலகிய முட்டுச்சந்தாக இருக்கக்கூடும். எலாஸ்டேசு போன்ற, புரதத்தை வெட்டும் செரீன் புரதியேசுகளில் மெதனோல் நீருக்குப் பதிலாக அசைல் நொதியத்தை (கீழ்ப்படையின் ஒரு பகுதி நொதியத்துடன் பிணைந்த இடைநிலையை) தாக்கி மெதைல் எசுத்தரைத் தருவதுண்டு என்பதால், கரைப்பானையும் வெறும் பார்வையாளராகக் கருதிவிடாதீர்கள்.

பளிங்கியல் ஆய்வாளர் ஒருவரின் பதில்:

ஐயா கூறியவற்றுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆரேனியஸ் கோட்டை விரும்பிய ஆழம் வரை நீட்டிச் செல்ல முடியாது. புரதம் தன் பகுதிகளை அசைத்துத்தான் வேலை செய்கிறது. ஏறத்தாழ 200 முதல் 220 கெல்வினுக்கு (சுமார் −73 முதல் −53 பாகை செல்சியஸுக்கு) கீழே அந்த அசைவுகளில் பெரும்பகுதி உறைந்துவிடுகிறது. 1992 இல் வெளியான ஓர் ஆய்வில், ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தின் பளிங்கு 228 கெல்வினில் நிரோதியை (நொதியத்தைத் தடுக்கும் பொருளை) விரைவாகப் பிணைத்தது. 212 கெல்வினில் பிணைக்கவேயில்லை. மேல் வெப்பநிலையில் பிணைத்துவிட்டுக் குளிர்வித்தபோது அதைக் கழுவி அகற்றவும் முடியவில்லை.

இந்த எல்லைக்குக் கீழே வேலை செய்ய வேண்டுமானால், அசைவு தேவைப்படாத ஒரு தூண்டுதல் வேண்டும். புரோட்டோகுளோரோபிலைட் ஒடுக்கி என்ற நொதியத்தை ஒளியே தூண்டுவதால், அதன் முதற் படியை 200 கெல்வினுக்குக் கீழேயும் ஆராய முடிந்தது. ஒட்சியேற்றம் செய்யும் நொதியக் குடும்பமான சைற்றோகுரோம் பி450 இல் கதிர்வீச்சைப் பயன்படுத்தினார்கள்: ஒட்சிசன் பிணைந்த நொதியத்தை 77 கெல்வினில் உறைய வைத்து, காமா கதிரின் உதவியால் ஓர் இலத்திரனைச் செலுத்தினார்கள். கற்பூரத்தை ஒட்சியேற்றும் பி450 நொதியத்தில், அந்தக் குளிரிலேயே ஒரு புரோத்தன் சேர்ந்து ஐதரோபரஒட்சோ நிலை என்ற இடைநிலை உருவாகியிருந்தது. சுமார் 200 கெல்வினுக்குச் சூடாக்கியபோது அது விளைவாக மாறியது. எல்லோரும் தேடிய 'சேர்வை ஒன்று' என்ற அதியுயர் ஒட்சியேற்ற நிலை அங்கு சேர்ந்து நிற்கவேயில்லை, ஏனெனில் அது தோன்றுவதைவிட விரைவாகச் சிதைகிறது. ரிட்டிலும் கிரீனும் 2010 இல் அதைப் பிடித்தது வேறு வழியில்: வெப்பத்தைத் தாங்கும் ஓர் ஆர்க்கியாவின் (பற்றீரியா போன்ற ஒருகல நுண்ணுயிரின்) பி450 ஐப் பரஅமிலத்துடன் கலந்து, மில்லிசெக்கன்களுக்குள் உறைய வைத்தார்கள். உடனடியாக உறைய வைக்கும் அந்த உத்தியை ரொபர்ட் பிரே 1961 இலேயே அறிமுகப்படுத்தியிருந்தார்.

உறைய வைப்பவர்கள், பி.எச். அளவை மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசலையும் கவனிக்க வேண்டும். சோடியம் பொசுபேற்றுக் கரைசல் உறையும்போது இருசோடியம் உப்பு முந்திப் பளிங்காவதால், பி.எச். 7 இலிருந்து 4 ஐ அண்டிய அளவுக்கு இறங்கக்கூடும். அமிலத்தில் சிதைந்த நொதியத்தைப் புதிய இடைநிலை என்று கருத அது ஒன்றே போதுமான காரணம்.

வெள்ளவத்தை மாணவி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சூடாக்கிப் பார்க்கும் சோதனை ஏன் இன்றியமையாதது என்று இப்போது விளங்குகிறது. திரவ நைதரசனும் கதிர்வீச்சு வசதியும் இல்லாத ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் இதன் அடிப்படையையாவது செய்து பார்க்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

உண்டு, மகள். கைமோதிரிப்சின் என்ற நொதியத்தையும் கீழ்ப்படையாகப் பரா நைத்திரோபீனைல் அசற்றேற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்லியும் கில்பியும் 1954 இல் இந்தச் சோடியில்தான், மஞ்சள் நைத்திரோபீனோல் முதலில் சடுதியாக வெளிப்பட்டுப் பின்னர் மெதுவாகத் தொடர்வதைக் கண்டார்கள். அந்தச் சடுதி வெளிப்பாடு அசைல் நொதியம் சேர்வதைக் காட்டுகிறது. பனிக்கட்டியும் உப்பும் கலந்த தொட்டி −20 பாகை வரை தரும். ஏவற்சக்தி 50 கிலோயூல் என்றால் அது 36 மடங்கு மெதுவாக்கும். கரைப்பானாக டைமெதில் சல்பொக்சைட் கலந்த தாங்கற் கரைசல் பொருந்தும், ஏனெனில் அது மெதனோலைப் போல அசைல் நொதியத்துடன் தாக்கம் புரியாது.

கொழும்பின் ஈரக் காற்றில், குளிர்ந்த அளவீட்டுக் கலத்தின் சுவரில் சில கணங்களிலேயே நீர் படிந்து, ஒளி சிதறி, வாசிப்புகள் அனைத்தும் பாழாகும். கல அறையினுள் உலர்ந்த நைதரசன் வாயுவை இடைவிடாமல் மெல்லச் செலுத்துங்கள். உருளை வாயு கிடைத்தால் போதும், திரவம் தேவையில்லை. நைத்திரோபீனோலின் அமில மாறிலி (அது எவ்வளவுக்கு அயனாகி மஞ்சளாகும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) கரைப்பானாலும் குளிராலும் மாறுவதால், அதே செறிவில் மஞ்சள் நிறத்தின் அடர்த்தி அறை வெப்பநிலையில் இருந்ததாக இராது. ஆகவே நொதியம் சேர்க்காத கலவையில், தெரிந்த அளவு நைத்திரோபீனோலைக் கரைத்து, 25, 0, −10, −20 பாகைகளில் 400 நானோமீற்றர் உறிஞ்சலை முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைகோட்டை இங்கே பதிவிட்டால், நொதியத்தின் செறிவை எவ்வளவாக வைப்பது என்று சேர்ந்து கணக்கிடலாம்.