பி.ஆர். போடுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருதரம் பேசிடுங்க

சிங்கப்பூருக்கு இ.பி.ல, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கிற வேலை அனுமதில, வந்து ஒரு வருஷம் தாண்டுச்சுன்னா போதும், பாக்குறவங்க எல்லாம் “பி.ஆர். போட்டாச்சா?”ன்னு, அதாவது நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிச்சாச்சான்னுதான் கேப்பாங்க. தேக்கா மார்க்கெட்டுல முருங்கைக்காய் பொறுக்கிட்டு இருக்கும்போதும் இதே பேச்சுதான். போடுங்க, போடாதீங்கன்னு நான் சொல்ல வரல. நமக்கு எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாதுன்னு புருஷனும் பொண்டாட்டியும் பேசி முடிச்சுட்டு ஃபார்மைத் திறங்க.

பையன் இருக்குற வீட்டுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். உங்களோட சேர்ந்து பி.ஆர். வாங்குற பையன் பதினாறரை வயசுல தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சி மாதிரியான சேவைக்கு, பேர் பதியணும். 18 வயசுக்கு மேல ரெண்டு வருஷம் அந்தச் சேவை. முதல் ஆளா பி.ஆர். வாங்குற அப்பாவுக்குப் பொதுவா அது கிடையாது. கையெழுத்து அப்பா போடுறாரு, முடி வெட்டிக்கிட்டு கேம்ப்புக்குப் போறது பையன். அவன் இப்ப நர்சரியில இருக்கும்போது “அப்ப பாத்துக்கலாம்”னுதான் தோணும். ஆனா சேவை செய்யாம பி.ஆர்.ஐ விட்டுட்டுப் போனா, பின்னாடி அவன் இங்க படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்க நிக்கும். இந்த ஊர்லயே வேர் விடப் போறோம்னா ரெண்டு வருஷம் பெரிய விஷயமே இல்ல. நாலு காசு சேத்துட்டு ஊருக்குக் கிளம்பப் போறோம்னா, அவன் தலையில எதுக்கு அதைக் கட்டணும்? இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வராதீங்க.

அப்பா அம்மாவைக் கூடவே வச்சுக்கணும்னா கணக்கு வேற. இ.பி.ல இருக்குறவர் பெத்தவங்களுக்கு நீண்டகால வருகை பாஸ் எடுக்க மாசச் சம்பளம் 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேணும். மனைவி, பிள்ளைங்களுக்கு டி.பி. (குடும்பத்தைக் கூட வச்சுக்கிற பாஸ்) எடுக்க 6,000 போதும். அதனால “சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா மனசுக்குப் பிடிச்ச வேலை”ன்னு மாறுறதுக்கு முன்னாடி, ஊர்ல அப்பாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னும் யோசிச்சுக்குங்க.

டி.பி.ல வந்த மனைவி வேலைக்குப் போகணும்னா பொதுவா அவங்க பேர்ல தனி வேலை பாஸ் வேணும், 2021லேருந்து இதுதான் விதி. ரெண்டு சம்பளத்தை நம்பி காண்டோல (தனியார் அடுக்குமாடி வீட்டுல) வாடகைக்குப் போறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க.

அப்புறம் சி.பி.எஃப்., நம்ம ஊர் பி.எஃப். மாதிரி சம்பளத்துல பிடிக்கிற சேமிப்பு. இ.பி.ல இந்தப் பிடித்தம் கிடையாது. பி.ஆர். ஆனா மூணாவது வருஷத்துலேருந்து, 55 வயசு வரைக்கும், சம்பளத்துல உங்க பங்கு 20 சதவீதம், முதலாளி பங்கு 17. மொத்தத்துல லாபம்தான். ஆனா கையில வர்றது குறையும், ஊருக்கு அனுப்புறதும் குறையும். தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன் எல்லாம் உங்க தலையில இருந்தா, ஊர்ல முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க. இல்லன்னா “பெரிய ஆளாயிட்டான், கை சுருங்கிடுச்சு”ன்னு பேச்சு வரும்.

பி.ஆர். விண்ணப்பத்தைப் பாக்குற குடிநுழைவு ஆணையமான ஐ.சி.ஏ.கிட்டேருந்து பதில் வர மாசக்கணக்குல ஆகும். கிடைக்கலன்னாலும் கட்டின கட்டணம் திரும்ப வராது.