தாத்தாவோட பைப்புக்கு மெருகேத்த வழி சொல்லுங்க

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருக்கறவங்களுக்கு வணக்கம். தாத்தா புகைச்ச பைப் பரண்ல கிடைச்சுது. பிரையர் மரக் கிண்ணம், எபோனைட் (கெட்டி ரப்பர்) வாய்க்குழல். கிண்ணத்து விளிம்புல கரி ஏறியிருக்கு, வாய்க்குழல் வெளுத்துப் பச்சையும் பழுப்புமா ஆயிடுச்சு.

பர்னிச்சர் பட்டறையில காட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சு வார்னிஷ் அடிச்சுடலாம்னார். எனக்கு மனசு ஒப்பலை. பக்கவாட்டுல பொறிச்ச எழுத்து அழிஞ்சுடும், தாத்தா விரல் பட்டுப்பட்டு வந்த நிறமும் போயிடும். வார்னிஷ் சூட்டுல கொப்புளிக்கும் வேற. அதனால ஈரத்துணியால லேசா துடைச்சதோட நிறுத்திட்டேன்.

மெருகேத்தற கார்னௌபா மெழுகு (ஒரு வகை பனை ஓலையில இருந்து எடுக்கற கெட்டி மெழுகு) கட்டியா எங்க கிடைக்கும்? ஓசூர் பட்டறைகள்ல, பஃபிங் மெஷின்ல (பாலிஷ் போடற மெஷின்) புதுத் துணிச்சக்கரம் மாட்டி, மெதுவா ஓட்டித் தர்றவங்க யாராவது தெரியுமா? வாய்க்குழலுக்கு மட்டும் தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள் 1000-ம் நம்பர்ல தொடங்கலாமா, இல்ல நேரா 2000-ஆ?

நான் புகைக்கறதுக்கு இல்லைங்க. பாட்டி கையில கொடுக்கணும்.