சுப்பையா தாத்தா வீட்டு குரூப்: மலேரியா மாத்திரை

செல்வம் சித்தப்பா: (பலமுறை ஃபார்வேர்ட் ஆனது) மலேரியா மாத்திரை நுரையீரல் கேன்சர் செல்களை 48 மணி நேரத்தில் அழிக்கிறது!! அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

செல்வம் சித்தப்பா: அண்ணனுக்கு 2 அட்டை வாங்கிட்டேன். குளோரோகுயின். மெடிக்கல்ல தெரிஞ்ச பையன், சீட்டு கேக்கல

ராஜி அத்தை: ஆரம்பிச்சுட்டான்

கவிதா: சித்தப்பா குடுத்துராதீங்க!! அது லேப்ல தட்டுல வளர்க்குற செல்லுல பாத்தது. ஏ549னு ஒரு கேன்சர் செல் வகை இருக்கு, 1972ல ஒருத்தர் நுரையீரல் கட்டில இருந்து எடுத்தது, இன்னிக்கும் லேப் லேப்பா வளருது. அதுல மருந்த விட்டு, 48 மணி நேரம் கழிச்சு மஞ்சளா எம்டிடி கரைசல் ஊத்துவோம். உசுரோட இருக்க செல் அத ஊதாவாக்கும். ஊதா கொறஞ்சா மருந்து ஏதோ பண்ணுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். தட்டுல விடுற அளவை பல நேரம் மனுஷ ரத்தத்துல ஏத்தவே முடியாது

மணி: பினாயில் ஊத்தினாலும் சாகும்ல 😂

செல்வம் சித்தப்பா: ஏல சும்மா இரு. நித்யகல்யாணில இருந்து கேன்சர் மருந்து வரலியா?

கவிதா: வந்துச்சு, வின்கிறிஸ்டின். யாரும் செடிய அரைச்சுக் குடிக்கலியே

ராஜி அத்தை: அப்பா காமாலைக்கு நீ கொண்டாந்த லேகியம் மாதிரியா

செல்வம் சித்தப்பா: அத விடவே மாட்டியாக்கா

தங்கம் சித்தி: மதினி வளைகாப்புக்கு வளையல் நீங்க வாங்குதீங்களா நான் வாங்கவா

செல்வம் சித்தப்பா: சீனாக்காரம்மா நோபல் வாங்குனது மலேரியா மருந்துக்குத்தான

கவிதா: தூ யூயூ, 2015. அது ஆர்ட்டெமிசினின். இரும்போட சேர்ந்தா செல்லைச் சிதைக்கும், கேன்சர் செல்லுக்கு இரும்பு நெறைய வேணும், அதான் ஆராய்ச்சி. நீங்க வாங்குனது வேற! குளோரோகுயின், செல்லு தன் குப்பையைத் தானே செரிச்சுப் பிழைக்கிற வழியை அடைக்கும். கீமோவோட சேத்துப் பாக்காங்க, ஆனா டாக்டர் கண்காணிப்புல. பெரியப்பாவுக்கு இதயத் துடிப்புக்கு வேற மாத்திரை ஓடுது, இது துடிப்பையே தாறுமாறாக்கிரும்

கவிதா: கொரோனால ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இப்படித்தான். குரங்கு கிட்னி செல்லுல நல்லா வேலை செஞ்சுது, ஆஸ்பத்திரில கெடந்தவங்க சாவு கொறையல

மணி: அப்பவும் சித்தப்பா ஸ்டாக் வச்சிருந்தாரு

ராஜி அத்தை: பச்சை வளையல் போதும் தங்கம்

பெரியப்பா: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்

தங்கம் சித்தி: 🙈

பெரியப்பா: வியாழக்கிழமை கீமோவுக்கு யாரு வாரீக, அத சொல்லுங்க

மணி: வண்டி சர்வீஸ்ல கெடக்கு பெரியப்பா

செல்வம் சித்தப்பா: நான் வாரேன். அட்டையும் கொண்டு வாரேன், டாக்டரே பாத்து சொல்லட்டும்

ராஜி அத்தை: கவிதா நீயும் கூடப் போ

கவிதா: வியாழன் லீவு கேக்கணும் அத்தை, பாக்கேன்

தங்கம் சித்தி: பச்சை மட்டுமா, செவப்பும் கலந்தா?