சினை சுண்டெலிக்கு ஸ்கேன் எடுத்தால் குட்டிகளின் மூளை பாதிக்குமா?

நத்தைவேகம்:
ஆராய்ச்சி மாணவன் நான். சினை சுண்டெலிகளில் கரு வளர்வதை அளக்க ஒருநாள் விட்டு ஒருநாள் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம் என்று திட்டம். ஆனால் பிறக்கும் குட்டிகளைத்தான் அப்புறம் நடத்தைச் சோதனைக்கு விடப்போகிறேன், அங்கேதான் உதைக்கிறது. ஸ்கேன் எலி மூளையைக் கெடுக்கும் என்று ஒரு பழைய ஆய்வு இருக்கிறதாமே, உண்மையா? ஸ்கேனையே விட்டுவிடவா?

கண்ணாடிச்சில்லு:
நீங்கள் சொல்வது 2006இல் யேல் பல்கலைக்கழகத்தில் பாஸ்கோ ராகிச் குழு செய்தது. 335க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பார்த்திருக்கிறார்கள், சாதாரண வேலை இல்லை. கருவின் 16ஆம் நாள் வாக்கில் உருவாகும் நரம்பணுக்கள் மூளைப் புறணியின் மேலடுக்குக்கு ஏறிப் போக வேண்டும். மொத்தம் 30 நிமிடமோ அதற்கு மேலோ ஒலி பட்ட கருக்களில் ஒரு சிறு பங்கு அணுக்கள் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிட்டன. அவ்வளவுதான் கண்டது. "மூளை கெட்டது" என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்று, சுண்டெலிக்கு மொத்தக் கர்ப்பமே சுமார் 20 நாள்தான், மனிதருக்கு 40 வாரம். அந்தச் சின்ன மூளை முழுவதும் ஒரே ஒலிக் கற்றைக்குள் அடங்கிவிடும், அதனால் அதன் அரை மணியை நம் அரை மணியோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் உங்கள் கேள்வி எலியைப் பற்றியே என்பதால் இந்தச் சமாதானம் உங்களுக்கு உதவாது!

பழையகை:
நான் ஒலியைவிட மயக்க மருந்துக்குத்தான் பயப்படுவேன். ஐசோஃப்ளூரேன் வளரும் மூளைக்கு நல்லதல்ல, நீங்களோ அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கப்போகிறீர்கள். வயிற்று முடியை மழித்து, குளிர்ந்த ஜெல்லையும் பூசினால் தாய் எலி சில நிமிடத்தில் ஜில்லிட்டுவிடும். சூடான மேடையும் சூடாக்கிய ஜெல்லும் வேண்டும், வெப்பமானி இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒலியில் கவலை இரண்டு: சூடு, குமிழி (ஒலி அழுத்தத்தில் உடலுக்குள் வாயுக் குமிழிகள் அதிர்ந்து திசுவைச் சேதப்படுத்துவது). கருவின் நுரையீரலில் காற்று இல்லாததால் குமிழி பயம் குறைவு. சூடு வேறு விஷயம், எலும்பு உறிஞ்சும், கர்ப்பத்தின் கடைசி நாட்களில் மண்டையோடு இறுகத் தொடங்கியபின் இன்னும் கூடும். சாதாரணப் படத்தைவிட ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் பல்ஸ் டாப்ளரில்தான் சூடு அதிகம். ரத்த ஓட்டம் அளக்கத் தேவையில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

நத்தைவேகம்:
ஐயோ, ஜெல்லைச் சூடாக்கும் யோசனையே எனக்கு வரவில்லை. அப்படியானால் ஸ்கேன் எடுக்காத எலிகளோடு ஒப்பிட்டால் போதுமா?

பழையகை:
போதாது. வித்தியாசம் தெரிந்தால் அது ஒலியாலா மருந்தாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? இன்னொரு குழுவுக்கு அதே மயக்கம், அதே ஜெல், அதே அளவு நேரம் புரோபை (ஒலி அனுப்பும் கைக்கருவியை) வைத்துப் பிடிப்பது, ஒலி மட்டும் வராமல். கையே படாத குழு மூன்றாவது.

கண்ணாடிச்சில்லு:
கணக்கில் ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாக எண்ணிவிடாதீர்கள். ஒரு தாய் போட்ட குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான், ஸ்கேன் பட்டது தாய்க்கு. 40 குட்டி இருக்கிறது என்று மகிழ்ந்து, கடைசியில் 5 தாய்தான் என்று ஆன கதை என் முதல் வருடம்.

நத்தைவேகம்:
சரி, தாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறேன், ஸ்கேனை மூன்று முறையாகக் குறைக்கிறேன், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள்.