பூச்சாடிக்குத் தண்ணி காணுமோ எண்டு சொல்லுற கருவி செய்யிறன், எங்க பிழைக்குது?

கொக்குவில் பெடியன்:
அக்காவின்ர பிள்ளைப்பேறுக்கு அம்மா கனடா போட்டா. விறாந்தையில நிக்கிற 23 பூச்சாடியும் இப்ப என்ர பொறுப்பு. பின்னேரத்தில வீடியோ கோல் எடுத்தால் என்ர முகத்தைப் பாக்க முதல் அந்தூரியத்தைக் காட்டச் சொல்லுறா.

நான் சரியான மறதிக்காரன். மண் காய்ஞ்சால் சிவப்பு லைற், ஈரமெண்டால் பச்சை எரியிற மாதிரி ஒண்டு செய்தன். அர்டுயினோ எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட், ரெண்டு கால் உள்ள மலிவுச் சென்சர், வயரெல்லாம் ஒரு யோகட் கப்புக்குள்ள. முதல் கிழமை திறம். பேந்து அந்தூரியம் இலை நுனி கருகித் தொங்குது, லைற் பச்சையிலயே நிக்குது. விரலை விட்டுப் பாத்தால் மண் பொருபொருவெண்டு காய்ஞ்சு கிடக்கு. மணிப்பிளாண்ட் நேர்மாறு. எவ்வளவு ஊத்தினாலும் சிவப்பு. ஊத்தி ஊத்தி வேர் அழுகிப்போச்சு. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல.

சரிவந்தால் நாலு பேருக்குச் செய்து விக்கலாம் எண்டும் ஒரு யோசினை.

பழைய சோல்டர்:
ரெண்டும் வேற வேற வருத்தம். உந்தச் சென்சர் ஈரத்தை நேரா அளக்கிறேல்ல, மண்ணுக்குள்ளால கரண்ட் எவ்வளவு லேசாப் போகுது எண்டதைத்தான் அளக்குது. உப்புக் கூடினாலும் லேசாப் போகும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பீர். சாடியில தண்ணி ஆவியாப் போகும், உப்பு அங்கதான் நிக்கும். அதால கொஞ்ச ஈரத்தையும் நிறைய ஈரம் எண்டு காட்டும். அந்தூரியத்துக்கு உப்பு ஆகவே ஆகாது, மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தும்.

மணிப்பிளாண்ட் சென்சரைக் கழட்டிப் பாரும், ஒரு கால் அரிச்சுப் போயிருக்கும். இரவு பகலாக் கரண்ட் குடுத்தால் அப்பிடித்தான். மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு செக்கன் குடுத்தாக் காணும். கப்பாசிற்றிவ் சென்சர், அதாவது மின் கொள்ளளவை வைச்சு ஈரத்தை அறியிற வகை எண்டால் உலோகம் மண்ணில படாது. ஆனால் அதின்ர விளிம்பால ஈரம் ஊறும், நகத்துக்குப் பூசிற கியூட்டெக்ஸ் ரெண்டு தரம் பூசும்.

கொக்குவில் பெடியன்:
கழட்டினன் அண்ணை. ஒரு கால் பச்சை பிடிச்சு, பாதி காணேல்ல.

மல்லிகை அக்கா:
தம்பி, விக்கிற எண்ணமெண்டால் தண்ணி தேங்கிற மாதிரி மட்டும் ஒண்டும் செய்யாதையும். நான் போன மாரிக்கு ஐஸ்கிறீம் டப்பாவில தண்ணி வைச்சு, பழைய சாறத்தைக் கிழிச்சுத் திரி விட்டனான். பூக்கண்டும் நல்லா வந்தது, டப்பாவுக்குள்ள நுளம்புக் குடம்பியும் நல்லா வந்தது. முட்டை நுளம்பாகப் பத்து நாள் போதும். நுளம்பு பெருக விட்டால் வழக்குப் போட 2007 இலேயே சட்டம் வந்திட்டுது. பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் சாடித் தட்டைத்தான் முதல் பாப்பார். டப்பா வைக்கிறதெண்டால் இறுக்கி மூடும், திரி போற ஓட்டையையும் விடாதையும்.

இணுவில் ஐயா:
மண்ணுக்குள்ள ஏன் வயர்? என்ர மனுசி சாடியை ஒரு பக்கத்தால நெம்பிப் பாத்தே சொல்லுவா. ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. கிணத்துத் தண்ணி எண்டாலும் நிறையில பெரிய வித்தியாசம் இல்லை. பழைய துலாவை யோசியும், ஒரு பக்கம் பாரம் குறைஞ்சால் மற்றப் பக்கம் தாழும். சாடிக்குக் கீழ ஒரு ஸ்பிரிங், பக்கத்தில ஒரு தடி. காயக் காயச் சாடி எழும்பும், தடி காட்டும். கரண்டும் வேண்டாம். கண்டு வளர வளர நிறை கூடும், மாசத்துக்கு ஒருக்கா அடையாளத்தை மாத்திக் கீறினால் சரி.

கொக்குவில் பெடியன்:
ஐயா, அப்பப்பாவின்ர சைக்கிள் சீற்றில இருந்த ரெண்டு ஸ்பிரிங்கைக் கழட்டிக் குரோட்டன் சாடிக்குக் கீழ வைச்சன். தண்ணி விட்ட உடன 4 கிலோ 200, வாடத் தொடங்கேக்க 3 கிலோ 300. 900 கிராமுக்குத் தடி ஒரு விரலளவுதான் ஏறுது, தூர நிண்டு பாக்கத் தெரியாது. நுனியில சிவப்புத் துணி கட்டியிருக்கிறன்.

நேற்று அம்மா கோலில கண்டிட்டு, நாவூறு படாமல் இருக்கக் கட்டினதோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். மணிப்பிளாண்டைக் கேட்டா, கரண்ட் போட்டுது எண்டு கட் பண்ணிட்டன்.